பக்கத்து சீட் பிரேக்

டிரைவிங் ஸ்கூலில் அவளுக்குப் பெயர் 'பிரேக் டீச்சர்'. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று தனியாக இருந்தது. அது சம்பளச் சீட்டில் மட்டும்தான் ஒழுங்காக வரும். பன்னிரண்டு வருஷமாக வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். ஸ்கூல் வண்டி சின்ன வெள்ளை வண்டி, கூரை மேல் ஒரு மஞ்சள் பலகை. மற்ற வண்டிகளில் இல்லாத ஒன்று இதில் உண்டு. டீச்சர் உட்காரும் பக்கத்து சீட்டுக்குக் கீழேயும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் தடுமாறினால் இந்தப் பக்கத்திலிருந்தே வண்டியை நிறுத்திவிடலாம். டீச்சரின் கால் அந்த பிரேக்கின் மேலேயே குடியிருந்தது.

பன்னிரண்டு வருஷத்தில் அந்த வண்டியில் ஒரு கீறல் விழவில்லை. அதில் அவளுக்கு அப்படி ஒரு பெருமை. நடைபாதையில் ஒரு நாய் எழுந்து சோம்பல் முறித்தாலே போதும், அவள் கால் அழுத்திவிடும். ஓட்டுகிறவர் நாயைப் பார்ப்பதற்குள் வண்டி நின்றிருக்கும்.

வாயும் காலுக்குச் சளைத்ததில்லை. "கிளட்ச்ச மெதுவா விடுங்க, மெதுவா, மெதுவா, கண்ணாடி பாருங்க, பின்னாடி பஸ் வருது, அது போகட்டும் விடுங்க, இப்ப செகண்ட், செகண்ட்னு சொன்னேன், ஐயோ அது நாலு!" காலை ஏழு மணிக்குத் திறந்தால் மதியம் வரை மூடாத வாய். வீட்டிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. வீட்டுக்காரர் டம்ளரை மேசை ஓரத்தில் வைத்தால் மேசைக்கடியில் இவள் கால் தரையை ஓங்கி மிதிக்கும். பாவம், தரையில் எங்கே இருக்கிறது பிரேக்?

வீட்டுக்காரர் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஜன்னல் கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடி எல்லாம் அளவெடுத்து வெட்டித் தருவார். வெட்டுக்கோடு இழுக்கும்போது மூச்சைக்கூடப் பிடித்துக்கொள்ள வேண்டிய வேலை. மனிதர் வீட்டிலும் பேச்சில் படு சிக்கனம். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை வந்தால் அன்றைக்கு மனிதருக்கு ஏதோ உற்சாகம் என்று டீச்சர் கிண்டலடிப்பாள்.

இந்த இரண்டு பேருக்கும் கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துப் பிறந்தவன்தான் பட்டாணி. பிறந்தபோது அவ்வளவு உருண்டையாக இருந்ததால் ஆஸ்பத்திரியிலேயே விழுந்த பெயர் அது. அதே வாரம், அதே ஆஸ்பத்திரியில், அடுத்த கட்டிலில், மாடிவீட்டு மருந்துக்கடைக்காரிக்குப் பெண் பிறந்தது. அதுவரை இருவரும் படிக்கட்டில் சிரித்துக்கொள்கிறவர்கள், அவ்வளவுதான். அந்த ஐந்து நாளில் 'வாடி, போடி' என்னும் அளவுக்கு ஒட்டிக்கொண்டார்கள்.

ஒட்டிக்கொண்டதோடு நின்றிருந்தால் நன்றாயிருந்திருக்கும். இரண்டு பிள்ளை ஒரே வாரத்தில் பிறந்தால் பெற்றவள் மனசு சும்மா இருக்குமா? முதலில் குப்புற விழுந்தது யார்? பட்டாணி. முதல் பல் யாருக்கு? பட்டாணிக்கு. தவழாமலேயே எழுந்து நின்று பத்தாவது மாதத்தில் நடந்தவன் யார்? வேறு யார்! அந்த வருஷம் டீச்சரைக் கையில் பிடிக்க முடியவில்லை. "ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு மாதிரிடி, உன் பொண்ணும் நடப்பா, கவலப்படாத" என்று மருந்துக்கடைக்காரிக்கு ஆறுதல் சொல்வாள். அந்த ஆறுதலில் எவ்வளவு கொழுப்பு இருந்தது என்பது கேட்டவளுக்குத்தான் தெரியும்.

ஒன்றேகால் வயதில் மாடிவீட்டுப் பெண் வாயைத் திறந்தது. திறந்ததை அப்புறம் மூடவே இல்லை. இரண்டு வயதுக்குள் ஒன்றிலிருந்து நூறு வரை எண்ணியது. எழுத்துகளைக் கடைப் பலகையில் பார்த்தாலும் சொல்லும், பஸ்ஸில் பார்த்தாலும் சொல்லும். அம்மா மடியில் உட்கார்ந்து மருந்து அட்டைகளைப் பார்த்துப் பழகியதில் ஒரு நாள் 'பாரசிட்டமால்' என்று பிசிறில்லாமல் சொன்னது. இரண்டு வயசுக் குழந்தை வாயில் பாரசிட்டமால் அவ்வளவு சுத்தமாக விழுந்தால் பக்கத்தில் நிற்கும் அம்மாவுக்கு எப்படி இருக்கும்? டீச்சர் அந்தக் குழந்தைக்கு மனசுக்குள் 'டமாரம்' என்று பெயர் வைத்து ஆத்திரத்தைத் தீர்த்துக்கொண்டாள்.

ஏனென்றால் பட்டாணிக்கு அப்போது இரண்டேகால் வயது. பேச்சு வரவில்லை. ஒரு வார்த்தைகூட. 'ம்' என்பான், 'ம்ம்' என்பான், கையை நீட்டுவான்.

குடியிருப்புக்குப் பின்னால் ஒரு மணல் குழி, ஒரு சறுக்குமரம், இரண்டு பெஞ்சு. சாயங்காலம் ஆனால் பிள்ளைகள் மணலில், பெற்றவர்கள் பெஞ்சில். மணலில் நடப்பது விளையாட்டு. பெஞ்சில் நடப்பது போட்டி. பேங்கில் வேலை பார்க்கும் ஓர் அப்பா மகன் பேசும் வார்த்தைகளை எல்லாம் போனில் பட்டியல் போட்டு வைத்திருந்தார். "நேத்து வரைக்கும் இருநூத்திப் பன்னெண்டு. இன்னைக்குக் காலையில 'திருகாணி' சொன்னான். இருநூத்திப் பதிமூணு." அப்புறம் டீச்சர் பக்கம் திரும்பி, ரொம்பப் பவ்வியமாக, "உங்க பையன் எத்தனைங்க?" என்றார்.

டீச்சரின் வாய் வழக்கம்போல் முந்திக்கொண்டது. "பத்து வரைக்கும் எண்ணுவான். ஆனா வீட்டுல மட்டும்தான் சொல்லுவான். வெளியில வந்தா கூச்சம்."

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த 'வீட்டுல மட்டும்தான்' என்ன ரகம் என்று பிள்ளை பெற்ற எல்லோருக்கும் தெரியும். சறுக்குமரத்தின் உச்சியிலிருந்து பட்டாணி தலைகீழாக வழுக்கி இறங்கி மணலில் மூக்கைப் புதைத்துக்கொண்டு எழுந்து நின்று சிரித்தான். ஒரு சத்தம் இல்லை.

பொய் சொல்லியாயிற்று. இனி அதை மெய்யாக்க வேண்டுமே! டீச்சர் தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினாள். ஸ்கூலில் ஒவ்வொருவருக்கும் இருபது நாள் பாட அட்டை ஒன்று கொடுப்பார்கள். முதல் நாள் ஸ்டீயரிங், இரண்டாம் நாள் கிளட்ச், இப்படியே போய் இருபதாம் நாள் ரிவர்ஸ். பக்கத்தில் டிக் போடக் கட்டம், கடைசியில் ஆசிரியர் கையெழுத்து. அப்படி ஓர் அட்டையை எடுத்துவந்து ஸ்டீயரிங்கை அடித்துவிட்டு 'ஒன்று, இரண்டு' என்று எழுதினாள். கிளட்சை அடித்துவிட்டு 'அ, ஆ'. ரிவர்ஸ் இருந்த இடத்தில் 'பத்து வரை தடையில்லாமல்'. எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினாள்.

"இது என்ன நம்பர்? சொல்லு கண்ணா. சொல்லு, சொல்லு. ஆறு! ஆறுதானே? கெட்டிக்காரன்!" கெட்டிக்காரன் அந்த ஆறு எழுதிய அட்டையை மென்றுகொண்டிருந்தான். இருபது நாள் முடிந்தபோது இருபது கட்டத்திலும் டிக் விழுந்திருந்தது, ஆசிரியர் கையெழுத்தும் ஜோராக இருந்தது. பாடம் கேட்டவன் மட்டும் 'ம்' என்றான்.

டாக்டரிடமும் போய்வந்தார்கள். காதைச் சோதித்தார், பொம்மைகளைக் காட்டினார், எடுத்துவரச் சொன்னார். "காது நல்லா கேக்குது. சொல்றது எல்லாம் புரியுது. கொஞ்சம் பொறுத்துப் பாப்போம். மூணு மாசத்துல வார்த்தை வரலன்னா பேச்சுப் பயிற்சி ஆரம்பிச்சிடலாம்" என்றார். அதில் இரண்டு மாதம் ஓடிவிட்டது.

"என்னங்க, இவன் பேசுவானா?" என்று தினமும் கேட்பாள்.

"பேசுவான்" என்பார் கண்ணாடிக்காரர். முகத்தில் ஒரு சலனம் இருக்காது. கல்லு மனசு என்று டீச்சர் முணுமுணுப்பாள்.

எண்ணும் எழுத்தும் கிடக்கட்டும். உள்ளுக்குள் அவளுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான். ஒரு தடவை அவன் 'அம்மா' என்று கூப்பிட வேண்டும். மதியம் குழந்தைகள் காப்பகத்தின் கதவு திறந்ததும் மற்றப் பிள்ளைகள் "அம்மா, அம்மா" என்று கத்திக்கொண்டு ஓடிவரும். பட்டாணி எல்லோரையும் முந்திக்கொண்டு ஓடிவருவான், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, வாய் நிறையச் சிரிப்போடு. சத்தம் மட்டும் வராது. அவனை அள்ளித் தூக்கும்போது பூரிப்பும் அழுகையும் சேர்ந்து வரும். மற்ற அம்மாக்கள் பார்த்துவிடுவார்களே என்று முகத்தை அவன் கழுத்தில் புதைத்துக்கொள்வாள்.

அந்தச் சமயத்தில்தான் தையல் மாஸ்டர் பரீட்சையில் தோற்றார்.

மாஸ்டர் டீச்சரின் செல்ல மாணவர். நாற்பத்தெட்டு வயது, முப்பது வருஷம் தையல் மெஷின் மிதித்த கால். ஆரம்பத்தில் ஆக்சிலேட்டரையும் அப்படியே மிதித்து வண்டியைக் குதிக்க வைத்தவர். இருபத்தைந்து பாடம் முடித்து, பிசகில்லாமல் ஓட்டுகிறார் என்று டீச்சரே சொல்லித்தான் லைசென்ஸ் பரீட்சைக்கு அனுப்பினாள். பரீட்சை அன்று பக்கத்து சீட்டில் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்தார், டீச்சர் வெளியே நின்றாள். வண்டி முதல் சிக்னல் வரை தேர் மாதிரி போனது. சிவப்பு விழுந்தது. தேர் நிற்கவில்லை. கோட்டைத் தாண்டி, நடந்துபோகிறவர்கள் அலறி விலக, இன்ஸ்பெக்டர் எட்டி மிதித்த பிறகுதான் நின்றது.

"என்ன மாஸ்டர் இது, என் மானத்த வாங்கிட்டீங்க! பிரேக் எங்க இருக்குன்னே மறந்துட்டீங்களா?" என்று டீச்சர் பொரிந்து தள்ளினாள்.

மாஸ்டர் பாவமாக நின்றார். "மறக்கல டீச்சர். கால வச்சேன். எப்பவும் வைக்கிற மாதிரிதான் லேசா வச்சேன். நம்ம வண்டி லேசா வச்சாலே நிக்குமே! நான்தான் நிறுத்துறேன்னு இருபத்தஞ்சு நாளா நெனச்சிட்டிருந்தேன். இன்னைக்குத்தான் தெரியுது, நிறுத்தினது நீங்க."

டீச்சர் குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

"கோச்சுக்கக் கூடாது" என்றார் மாஸ்டர். "நாளைக்கு ஒரு தடவ உங்க கால மேல தூக்கி வச்சுக்குங்க. வாயையும் கொஞ்சம்... மூடிக்குங்கன்னு சொல்ல மாட்டேன். இருந்தாலும்."

மறுநாள் காலை மார்க்கெட்டுக்குப் பின்னால் போக்குவரத்து அதிகமில்லாத ரோட்டில் டீச்சர் இரண்டு காலையும் தூக்கி சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியது. தூரத்தில் சிவப்பு விளக்கு. நூறடி. ஐம்பதடி. தொடை துடித்தது. கையால் இரண்டு முழங்காலையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். மாஸ்டர் லேசாக வைத்தார், நிற்கவில்லை. கண்ணை அகல விரித்து ஓங்கி ஒரு மிதி மிதித்தார். வண்டி குலுங்கி நின்றது, டீச்சர் முன்கண்ணாடி வரை போய் பெல்ட்டின் புண்ணியத்தில் திரும்பிவந்தாள்.

"நின்னுடுச்சு டீச்சர்! நான்தான்! நானேதான் நிறுத்தினேன்!" நாற்பத்தெட்டு வயது மனிதர் சீட்டில் குதித்தார். டீச்சரும் சேர்ந்து குதித்தாள். பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரன் அடித்தும் இவர்கள் அடங்கவில்லை.

அன்று மதியம் பட்டாணியை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். சமையலறைக்குள் நுழைந்ததும் அவன் தண்ணீர்ப் பானை பக்கமாகக் கையைத் தூக்கினான். முழுசாகக்கூடத் தூக்கவில்லை. "தண்ணியா கண்ணா? இந்தா, தண்ணி, குடி, மெதுவா, மெதுவா" என்று டம்ளர் அவன் வாயருகே போய்விட்டது.

போன டம்ளரோடு அப்படியே நின்றாள் டீச்சர். அடிப் பாவி, என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஒரு 'ம்' என்றால் தண்ணீர், இரண்டு என்றால் பால், மூக்கைத் தேய்த்தால் தூக்கம், கதவைப் பார்த்தால் சறுக்குமரம். ஊரில் யாருக்கும் புரியாத பிள்ளையின் பாஷை தனக்கு மட்டும் புரிகிறது என்று எவ்வளவு பெருமைப்பட்டிருப்பாள்! அவன் வாயைத் திறக்குமுன் இவள் சொல்லிவிடுகிறாள். கேட்குமுன் கொடுத்துவிடுகிறாள். இரண்டேகால் வருஷமாகப் பிள்ளையின் பக்கத்து சீட்டிலும் பிரேக்கில் கால் வைத்துத்தான் உட்கார்ந்திருக்கிறாள். பேச்சு வராததற்கு இது மட்டுமே காரணம் என்று அவளுக்கு நிச்சயமில்லை. ஆனால் காலை எடுக்க வேண்டும் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது.

தெரிந்து என்ன செய்ய? அன்று சாயங்காலமே ஆரம்பித்தாள். பட்டாணி பாலுக்குக் கை நீட்டினான். டீச்சர் சிரித்த முகத்தோடு அவனைப் பார்த்தபடி நின்றாள். மறுபடி நீட்டினான். "ம்ம்" என்றான். அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தான். பிறகு தரையில் மல்லாந்து படுத்து அந்தக் கட்டிடமே அதிரும்படி ஒரு கூப்பாடு போட்டான். இரண்டு நிமிஷம் தாங்கினாள். மூன்றாவது நிமிஷம் பாலும் கொடுத்து, மடியில் போட்டு, மன்னிப்பும் கேட்டாள்.

மறுநாள் மூன்று நிமிஷம் தாங்கினாள். கதவு தட்டப்பட்டது. மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு மருந்துக்கடைக்காரி நின்றாள்.

"என்னடி, பையன கொல்லுறியா? கேக்க முடியல."

டீச்சருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டினாள். மாஸ்டர், சிவப்பு விளக்கு, பால். கடைசியில், "இன்னொண்ணும் சொல்லிடுறேன். பத்து வரைக்கும் எண்ணுவான்னு பெஞ்சுல சொன்னேன்ல, அது பொய்டி" என்றாள்.

"தெரியும்."

"எப்படி?"

"உன் கூரைதானடி எங்க வீட்டுத் தரை. நீ எண்ணுறது தெனம் கேக்குது. ஒரு நாளாவது அவன் எண்ணிக் கேட்டிருக்கேனா?"

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. மருந்துக்கடைக்காரி மகளை இறக்கித் தரையில் விட்டாள். குழந்தை உடனே அவள் காலைக் கட்டிக்கொண்டது.

"பாத்தியா? இதுதான் எங்க கதை. நூறு எண்ணுறா. ஆனா புல்லுல கால் வைக்க மாட்டா, மண்ணத் தொட மாட்டா, மூணு படி இருந்தா தூக்கணும். உன் பையன் சறுக்குமரத்துல தலகீழா எறங்குறதப் பாக்குறப்பல்லாம் எனக்கு வயிறு எரியும்டி. என் பொண்ணுக்கு என்ன கொறைன்னு போன்ல தேடித் தேடியே கண்ணு போச்சு."

"அடிப்பாவி, சொல்லவே இல்ல?"

"நீ சொன்னியா?"

இருவரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். பாவம் அந்தக் குழந்தை, அதைப் போய் டமாரம் என்றோமே என்று டீச்சருக்கு உறுத்தியது. அதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட முடியுமா என்ன?

ஐந்தாம் நாள் சனிக்கிழமை, வழக்கம்போல் மதியத்தோடு டீச்சருக்கு வேலை முடிந்தது. வீட்டில் அவளும் பட்டாணியும் மட்டும். சமையலறைச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துகொண்டாள். காலைச் சம்மணமாக மடக்கி, வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். பட்டாணி மேல் தட்டில் இருந்த பிஸ்கட் டப்பாவைக் காட்டினான். அம்மா புன்னகைத்தாள், அசையவில்லை. "ம்" என்றான். காத்திருந்தாள். இதோ, இப்போது கேட்டுவிடுவான், 'பிஸ்' என்றாவது வந்துவிடும் என்று அவன் வாயையே பார்த்திருந்தாள்.

பட்டாணி ஒரு பெருமூச்சு விட்டான். போய் முக்காலியை இழுத்துவந்தான். அதன் மேல் ஏறினான், அங்கிருந்து மேடை மேல் ஏறினான். டீச்சரின் கால் தரையில் இல்லாத பிரேக்கைத் தேடித் துடித்தது. ஓசைப்படாமல் நகர்ந்து, விழுந்தால் பிடிக்கத் தோதாக மேடையோரம் வந்து உட்கார்ந்தாள், வாயை மட்டும் திறக்கவில்லை. அவன் டப்பாவைத் திறந்தான், இரண்டு பிஸ்கட் எடுத்தான், வந்த வழியே பத்திரமாக இறங்கினான். ஒன்றை அம்மாவிடம் நீட்டினான்.

போச்சுடா! இவன் பேச்சே இல்லாமல் வாழ்க்கையை நடத்திவிடுவான் போலிருக்கிறதே என்று டீச்சருக்குப் பகீர் என்றது. சிரிப்பையும் அடக்க முடியவில்லை. பிஸ்கட்டை வாங்கிக்கொண்டாள். அவன் மடியில் ஏறி உட்கார்ந்து அவனுடையதைத் தின்றான். வீடு நிசப்தமாக இருந்தது. வேறு நாளாக இருந்தால் இந்நேரம் காலையில் வண்டியில் நடந்த கூத்தையெல்லாம் அவள் கொட்டிக்கொண்டிருப்பாள், அவன் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பான். இன்றைக்கு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. தோற்றுவிட்டோமோ என்ற நினைப்பில் கண் கலங்கியது.

பட்டாணி தின்பதை நிறுத்தினான். திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். பிஸ்கட் தூள் ஒட்டிய விரலால் அவள் உதட்டைத் தொட்டான். கீழுதட்டைப் பிடித்து இழுத்து உள்ளே எட்டிப் பார்த்தான். எதுவும் வரவில்லை என்றதும் அவனுக்கே கவலை வந்துவிட்டது.

"அம்மா" என்றான். தினமும் கூப்பிடுகிறவன் மாதிரி, வெகு சாதாரணமாக. "அம்மா, பேசு."

இத்தனை வருஷம் ஓயாத வாய்க்கு அப்போது ஒரு சத்தம் வரவில்லை. அவனைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அவன் அதையும் ரசிக்கவில்லை. அவள் மோவாயைப் பிடித்துத் திருப்பி, "பேசு" என்று அதட்டினான். அப்புறம் பேசினாள் பாருங்கள், ஐயோ! மாஸ்டர் கதை, லாரிக்காரர் கதை, நாய் கதை. நடுநடுவே நிறுத்திக் காத்திருந்தாள். சில இடத்தில் அவன் 'ம்' என்றான். ஓர் இடத்தில் "வண்டி" என்றான். இன்னொரு தடவை அம்மா சொல்லு என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை.

ஆறு மணிக்குக் கண்ணாடிக்காரர் வந்தார். போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம். அவரும் தன் காதால் கேட்கட்டும் என்று சொல்லாமலே வைத்திருந்தாள். செருப்பைக் கழற்றியவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து தரையில் உட்கார வைத்து, வாயில் விரலை வைத்துக் காட்டிவிட்டுத் தானும் உட்கார்ந்தாள். என்ன ஏது என்று புரியாமல் அவர் அவளையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார்.

பட்டாணி இரண்டு பேரையும் முறைத்தான். இதென்ன அநியாயம், இப்போது இரண்டும் வாயை மூடிக்கொண்டதா? நேரே அப்பாவிடம் போய் அவர் இரண்டு கன்னத்தையும் பிடித்தான்.

"அப்பா. பேசு."

டீச்சர் கைதட்டிச் சிரிக்கத் தயாராக இருந்தாள். ஆனால் கண்ணாடிக்காரர் முகம் கோணிக்கொண்டது. அந்தக் கல்லு மனுஷன் பிள்ளையின் சின்னக் கைகளுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். அவள் பதறிப்போனாள். அவர் அழுது அவள் பார்த்ததே இல்லை.

"ரெண்டு மாசமா கை நடுங்குது எனக்கு" என்றார் கடைசியில். "கோடு நேரா விழ மாட்டேங்குது. நாலு பெரிய கண்ணாடி ஒடச்சிட்டேன். இவன் பேசாமலே போயிடுவானோன்னு... உங்கிட்ட சொன்னா நீ இன்னும் பயந்துடுவ. அதான் பேசுவான், பேசுவான்னு..."

"பேசு" என்றான் பட்டாணி, விடாமல்.

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். கண்ணாடியில் கோடு எப்படி இழுப்பது, கோடு விழும்போது என்ன சத்தம் வரும், நல்ல கோட்டின் சத்தம் எப்படி, கெட்ட கோட்டின் சத்தம் எப்படி, இவன் பிறந்த அன்று வெட்டிய கண்ணாடி இன்னும் எந்த வீட்டு ஜன்னலில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனார். நடுவில் வார்த்தை கிடைக்காமல் அடிக்கடி நின்றார். ஒவ்வொரு தடவையும் அந்த வார்த்தை டீச்சரின் நாக்கு நுனி வரை வந்தது. ஒன்பது வருஷமாக அதை எடுத்துக் கொடுத்துக் கொடுத்தே இந்த மனிதரின் வாயையும் தான் அடைத்து வைத்திருந்தது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தாள். மெதுவாகத்தான் வந்தது, ஆனாலும் வார்த்தை வந்தது, அவள் நினைத்ததை விட நல்ல வார்த்தையாக.